பள்ளித் தோணிக்கு இன்று யார் முறை?

1

பிள்ளைகளே, நான் ஊரைவிட்டுக் கப்பலேறி இந்த மாதத்தோடு ஆறு வருஷம் ஆகிறது. மலாய் நாட்டிலே சிரம்பான் என்கிற பட்டணத்தில், ரயில்வேப் பண்டகசாலையில் எனக்கு வேலை. காலையில் சங்கு ஊதும். போய் நின்று, ஆணியும் விளக்குக் கண்ணாடியும் கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். மாலையில் மறுபடியும் சங்கு ஊதும், வீட்டுக்கு வருவேன். அநேகமாக ஒவ்வொரு நாளும் பின்னேரம் மழை பெய்யும். ஊரிலே மாரி என்று ஒன்று உண்டு, வெயில் என்று ஒன்று உண்டு. இங்கே இரண்டும் ஒரே நாளில் வந்து போய்விடும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்திலே பிழை இருந்தால் உங்கள் வாத்தியார் திருத்தித் தரட்டும். ஆனால் சொல்கிற விஷயத்தில் பிழையில்லை. அதை நான் கண்ணால் கண்டேன்.

வருஷம் முடிகிற நாளில் நான் ஊருக்கு எழுதும்போது இந்த நாட்டுப் புதினங்களை எழுதுவது வழக்கம். றப்பர்த் தோட்டம், மலைப்பாம்பு, சீனருடைய புதுவருஷ வெடி, இப்படி ஏதாவது. இந்தமுறை அதெல்லாம் இல்லை. இந்தமுறை என் மகள் பாக்கியத்தின் பெருவிரலைப் பற்றி எழுதப் போகிறேன்.

2

நம்முடைய ஊர் படுவான்கரையில், சூரியன் படுகிற பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் எழுவான்கரையில். இரண்டுக்கும் நடுவே வாவி. அக்கரையிலே பள்ளி மணி அடித்தால் இக்கரையிலே கேட்கும். ஆனால் கேட்டதும் ஓடிப்போக முடியாது. சொந்தத் தோணி உள்ள வீடுகள் நாலோ ஐந்தோதான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் யாராவது போகிற தோணியைப் பார்த்துக்கொண்டு கரையிலே நிற்கவேண்டும். நான் சின்ன வயதில் அப்படித்தான் நின்றேன். பாதி நாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் விடுமுறையில் வந்து, என் பெண்சாதி தங்கம்மாவையும் மகன் மணியையும் இங்கே கூட்டிவந்தேன். மூத்தவள் பாக்கியத்துக்கு அப்போது ஏழு வயது. அவளை ஊரிலே விட்டுவிட்டோம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், வீடு பெண்ணுக்குரியது. வீட்டுக்குரிய பிள்ளையைக் கடல் கடத்தக்கூடாது என்று தங்கம்மாவின் அக்காள் ஒரே பிடியாக நின்றாள். அதோடு எங்கள் குடியிருப்புக்குக் கிட்ட அவள் படிக்க அப்போது ஒரு பள்ளிக்கூடமும் இல்லை. பாக்கியம் ஊரிலே பெரியம்மா வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று தீர்மானித்தோம்.

அப்படியானால் அவள் வாவியைக் கடக்கவேண்டுமே? என்னிடம் ஒரு தோணி இருந்தது. அதைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கோயில் முன்றலிலே ஊர் கூடியபோது எழுந்து சொன்னேன்: "தோணி நான் தாறன். தள்ளிக்கொண்டு போக ஆள் நீங்க தரோணும்."

கோயிலைப் பார்க்கிற வண்ணக்கர்தான் வழி சொன்னார்.

"தம்பி, ஆள் தேடி என்னத்துக்கு அலையிற? நம்மட ஊர்ல தாய்வழியா அஞ்சு குடி இரிக்கு. பள்ளிக்கூடமும் கிழமைக்கு அஞ்சு நாள். கோயில் திருவிழா மாதிரி குடிக்கொரு நாள் முறை வைப்பம். முறை எண்டு சொல்லிப்போட்டா நம்மடாக்கள் உயிரையும் குடுப்பானுகள்."

"உயிரைக் குடுக்கலாம் வண்ணக்கர், வெள்ளன எழும்புறதுதான் ஏலாது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோயிலிலே எந்த வரிசையில் திருவிழாவோ அந்த வரிசையிலேயே தோணியும் என்று முடிவாயிற்று. மூத்த குடிக்குத் திங்கள். எங்கள் குடிக்கு வியாழன். அடுத்த திங்கட்கிழமை மூத்த குடி இளைஞர்கள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோணிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கம்பு ஊன்றினார்கள். பாக்கியம் நடுப்பலகையில் இருந்தாள். முதலை வந்தால் எப்படி உதைப்பது என்று பக்கத்துப் பிள்ளைக்குக் காலை ஆட்டிக் காட்டிக்கொண்டு போனாள். கரையிலே நின்ற எனக்குக் கண் கலங்கியது. ஒரு ஊர் முழுக்க என் பிள்ளைக்குத் தகப்பனாக நிற்கிறது என்று நினைத்தேன். நிம்மதியாகக் கப்பலேறினேன்.

3

ஊரிலிருந்து முதல் கடிதம் வந்தது. பாக்கியம் தானே எழுதியது. இரண்டே வரி. 'அப்பா' என்ற சொல் மட்டும் ஒரு வரியை அடைத்துக்கொண்டு கிடந்தது. தங்கம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

நாலைந்து மாதம் கடிதங்கள் அப்படியே வந்தன. கோணல் எழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. தைப்பொங்கல் கழிந்து வந்த கடிதத்தைப் பிரித்தபோது நான் அசந்துபோனேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. 'அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் நல்ல சுகம். தோணி நாள் தவறாமல் போகிறது. வாத்தியார் என்னை மெச்சினார்.' ஒரு பக்கம் நிறைய இருந்தது. அதன் பிறகு மாதம் தவறாமல் அதே முத்தான எழுத்து.

"பாத்தியா, உன்ட மகளை" என்றேன் தங்கம்மாவிடம்.

"என்ட மகளெண்டா சும்மாவா" என்றாள் அவள்.

மணி இந்த நாட்டிலே வளர்கிற பிள்ளை. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி, சோறு வேண்டும் என்பதைக்கூட அவர்கள் பாஷையிலேதான் கேட்பான். நான் தோணி என்றால் அவன் "சம்பானா அப்பா?" என்பான். அவனுக்குத் தமிழ் எழுத்துப் பழக்க என்னிடம் புத்தகம் இல்லை. அக்காவின் கடிதத்தின் மேலே மெல்லிய தாளை வைத்து, எழுத்தின்மேல் எழுத்தாக எழுதப் பழக்கினேன். 'ழ' எழுதும்போது அக்காவைப்போலவே வாலைக் கொஞ்சம் சுழித்து விடுவான். எனக்கு அதைப் பார்க்க ஆனந்தமாக இருக்கும்.

இங்கே நம் நாட்டார் மாதம் ஒருமுறை ஒன்றுகூடுவோம். அந்தப் பொங்கலுக்கு முன்பே ஒருமுறை அங்கே எழுந்து எங்கள் ஊர்ப் பள்ளித் தோணியைப் பற்றிப் பேசினேன். பேச்சுப் பழக்கமில்லாத எனக்கு அன்றைக்கு எப்படித்தான் வார்த்தை வந்ததோ! பிள்ளையைப் படிப்பிப்பது பெற்றவன் தலையில் மட்டும் விழுகிற பாரமல்ல, ஊரே தோள் கொடுத்தால் ஒருவருக்கும் பாரமில்லை, போய்ப் பாருங்கள் எங்கள் ஊரை என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதையும் ஊருக்கு எழுதினேன். கோயிலடியில் வாசித்ததாகப் பதில் வந்தது.

4

போன வருஷம் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். தமிழும் படிப்பிப்பார்களாம். பாக்கியத்தைப் பிரிந்து தங்கம்மா மெலிந்துகொண்டு வந்தாள். கூப்பிட்டுக்கொள்வோம் என்று முடிவுசெய்து, பள்ளிக்கூடத்து விண்ணப்பத் தாளை வாங்கினேன்.

அந்தத் தாளோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்தில், குடும்பப் பெயர் ஒரு கட்டத்தில். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரை எழுதினேன். "இது உன் பெயர் அல்லவா, பிள்ளையினுடையது எங்கே?" என்று பள்ளிக் குமாஸ்தா திருப்பித் தந்தார். மறுபடி எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. ஏற்கெனவே படித்த பிள்ளையானால், தன் பெயரையும் வகுப்பையும் தன் கையால், ஒரு அரசாங்க உத்தியோகத்தர் முன்னிலையில் எழுதவேண்டும்.

"என் மகள் எழுத்தை நீங்கள் பார்க்கவேண்டுமா? இந்தாருங்கள்" என்று கடிதங்களை எடுத்துக் காட்டினேன்.

அவர் பார்க்கவில்லை. "உத்தியோகத்தர் முன்னிலையில்" என்று விரலால் தட்டிக் காட்டினார்.

மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே தாளை ஊருக்கு அனுப்பினேன். பெரியப்பா, அதாவது தங்கம்மாவின் அக்காள் புருஷன் சின்னத்தம்பி அண்ணன், பாக்கியத்தை மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு மாதம் கழித்துத் தாள் திரும்பி வந்தது.

பிள்ளை எழுதவேண்டிய இடத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் அடையாளம். சின்ன விரல். அதன் கீழே கச்சேரி எழுத்தர் தம் கையால் எழுதியிருந்தார்: எழுதப் படிக்கத் தெரியாது, என் முன்னிலையில் விரல் வைத்தாள்.

பிழையாக வேறொரு பிள்ளையின் தாளை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெயரைப் பார்த்தேன். எங்கள் ஊரின் பெயரைப் பார்த்தேன். தங்கம்மா தாளை என் கையிலிருந்து வாங்கினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. விரல் அடையாளத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் எனக்குக் கடிதம் போட்டது ஆரு?" என்றாள்.

பள்ளிக்கூடத்துத் தலைவிக்கு அந்தத் தாளைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "எழுதத் தெரியாத பிள்ளைக்குத்தானே பள்ளிக்கூடம்? அனுப்புங்கள்" என்றார். ஊர் பேர் தெரியாத அந்த அம்மாள் சொன்னதை, என் ஊரிலே ஒருவர் சொல்லியிருக்கக்கூடாதா?

5

சின்னத்தம்பி அண்ணன் தாமும் இங்கே ஒரு வேலை பார்க்கலாம் என்று பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பினாங்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். பத்து வயதுப் பிள்ளை. இடுப்பிலே குழந்தை வைத்துப் பழகி ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்துவந்தாள். பெரியம்மாவின் இரண்டு குழந்தைகளையும் அவள்தான் வளர்த்தாளாம், நாலைந்து மாதம் படித்த எழுத்தும் அதிலே மறந்துபோயிருந்தது. தங்கம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனை முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். அவரும் நானும் ஒரே குடி. ஒளிக்காமல் சொன்னார்.

"பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடம் புதன்கிழமை துறந்திச்சு தம்பி. அதுதான் வினை."

"புதன்கிழமையில என்ன வினை அண்ணன்?"

"வருஷத்துல முதல் தோணியெல்லோ! முதல் எண்டா மூத்த குடிக்குத்தானே? கோயில்ல கொடியேத்தம் அவங்கட. அவங்க கம்போட வந்து நிக்காங்க. புதன்கிழமைக்காரனுகள் விடுவானுகளா? 'புதன் எண்டா புதன்தான், நாங்க என்ன எளிய சாமான்களா' எண்டு அவனுகளும் கம்போட."

"பிள்ளைகள்?"

"பிள்ளையள் தோணிக்குள்ள ஏறி இரிந்ததுகள். இறங்கச் சொல்லியாச்சு. மறுகா வண்ணக்கர் வந்து, ஞாயம் தீருமட்டும் தோணி கோயில் பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டு, இழுத்துக்கொண்டு போய் மதிலோரம் கவிழ்த்து வச்சாரு. இப்பவும் அங்கதான் கிடக்கு. கறையான் புடிச்சிட்டுது."

"மூன்று வருஷமாக ஞாயம் தீரல்லையா?"

"ஆரு விட்டுக்குடுக்கிற? நீயே சொல்லு பாப்பம். இன்னைக்குத் தோணியில விட்டுக்குடுத்தா நாளைக்குக் கோயில்ல எங்க நிக்கிற?" அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஆனா தம்பி, மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போகக்குள்ள பாக்கோணும். அஞ்சு குடியும் இரவல் தோணியெல்லாம் எடுத்து ஒண்டாப் போனம். ஒரு சண்டை இல்ல."

"வண்ணக்கர்ர மகள் செல்லம் படிக்கிறாளே?"

"அவருக்குச் சொந்தத் தோணி இரிக்கே. வயல்காரப் போடியார் வீட்டுப் பிள்ளையளும் அதுலதான்."

"பாக்கியத்துக்கு அதுல ஒரு மூலை கேட்டிருக்கலாமே அண்ணன்."

"கேக்கலாம்தான். கேட்டா, இவன் வண்ணக்கர் பக்கம் சாஞ்சிட்டான் எண்டு மத்தவன் சொல்லுவான். நம்மட குடி இந்தச் சண்டையில வாயே துறக்கல்ல தம்பி. ஒருத்தரையும் பகைக்கல்ல." அதற்காக நான் அவரை மெச்சவேண்டும் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

நான் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நீ இங்க எழும்பி நம்மட தோணியப் பத்திக் கதைச்சதெல்லாம் கோயிலடியில வாசிச்சம். சனத்துக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! கிழவனுகள் கண்ணத் துடைச்சானுகள். அதுக்கு மேல தோணி இல்லை எண்டு எப்படி எழுதுற? உன்ட மனமும் நோகும். செல்லத்துக்கு நல்ல எழுத்து. அவளிட்டச் சொன்னம்."

"சொன்னம் எண்டா ஆரு?"

"எல்லாருந்தான்" என்றார்.

6

பிள்ளைகளே, அந்த 'எல்லாருந்தான்' என்ற சொல்லை நான் இன்னும் விழுங்கவில்லை. தோணி தள்ள ஐந்து குடி சேரவில்லை. எனக்குப் பொய் எழுத ஐந்து குடியும் சேர்ந்தது. அதற்கு முறை தேவைப்படவில்லை. முதல் யார், கடைசி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்ணக்கர் வீட்டில் மை, செல்லத்தின் கை, பெரியம்மா வீட்டிலிருந்து சொல், யாரோ ஒருவர் மட்டக்களப்புக்குப் போகும்போது தபாலில் சேர்ப்பது. மாதம் ஒன்றுகூடத் தவறவில்லை. பள்ளித் தோணி இப்படி ஓடியிருந்தால் இருபத்திரண்டு பிள்ளைகள் இன்றைக்கு மூன்று வகுப்பு ஏறியிருப்பார்கள்.

சண்டை போட்டவர்களை நான் கொடியவர்கள் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். எனக்கு மாம்பழம் தந்தவர்கள், என் கலியாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள். தங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராவும் பகலும் இருப்பார்கள். ஆனால் பொதுவிலே ஒரு பிள்ளை கரையில் நின்றால், அது இன்றைக்கு யாருடைய நாள் என்று பார்க்கிறார்கள். பிள்ளைக்கு முறை நாள் இல்லை. அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஏழு வயதிலிருந்து ஒரு நாள் குறைகிறது. குறைந்தது திரும்பிவராது.

நானும் நின்று பார்த்த ஆள்தான். தோணியைக் கொடுத்ததோடு என் பங்கு தீர்ந்தது என்று கப்பலேறியவன். வியாழக்கிழமை எங்கள் குடி என்று சொன்னபோது, வியாழக்கிழமை யார் கம்பு பிடிப்பது என்று ஒரு ஆளின் பெயரைக் கேட்டு வாங்கவில்லை. திருவிழா வரிசையிலே முறை வைத்தால் திருவிழாச் சண்டையும் கூடவே வரும் என்று யோசிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா?

கோபத்தில் ஊருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். வண்ணக்கரிடமிருந்து பதில் வந்தது. தோணி விஷயம் கோயில் விஷயமாகிவிட்டதால் வெளியிலிருப்பவர்கள் தலையிடுவது அழகல்ல என்று. நான் வெளியிலிருப்பவனாகிவிட்டேன். முத்தான எழுத்து. 'ழ'வின் வால் சுழித்திருந்தது. அதைக் கண்டதும் மணி ஓடிவந்து, "அக்காட எழுத்து!" என்றான்.

பக்கத்தில் இருந்த பாக்கியம் தலை நிமிரவில்லை.

7

இப்போது பாக்கியம் பள்ளிக்கூடம் போகிறாள். ஆறு வயதுப் பிள்ளைகளோடு முன்வரிசையில் இருத்தியிருக்கிறார்கள். முழங்கால் மேசைக்குக் கீழே அடங்காது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருப்பாள். பின்னேரம் வந்து, மணி விளையாடப் போன பிறகுதான் சிலேட்டை எடுப்பாள். தம்பிக்கு முன்னால் எழுத அவளுக்கு வெட்கம். நான் பக்கத்தில் இருந்தால் கையால் மறைத்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கம்மா சந்தைக்குப் போயிருந்தாள். பாக்கியம் சிலேட்டைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பல நாளாக நெஞ்சிலே கிடந்ததைக் கேட்டேன்.

"மகள், செல்லத்தில கோபமா?"

"இல்ல. அவளுக்கு அவளட அப்பா சொன்னது. எழுதக்குள்ள ஒருக்கா என்னைக் கூப்பிட்டு, இப்படி எழுதட்டா எண்டு வாசிச்சுக் காட்டினாள்."

"நீ என்ன சொன்ன?"

"வடிவா இரிக்கு எண்டு சொன்னன்." எழுதியதை அழித்தாள். "அதுல வாற பாக்கியத்தை எனக்குப் பிடிக்கும். அவள் வாத்தியார்ர கையால புத்தகம் வாங்கினவள்."

கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். தகப்பன்மார் தங்கள் குற்றத்தை மறக்க அப்படித்தான் கேட்பார்கள்.

"அப்படியெண்டாலும் மூன்று வருஷம் மகள். நான் கரையில நிக்கிறன், தோணி இல்ல எண்டு, ஒருத்தரிட்டச் சொல்லி எனக்கு ஒரு வரி எழுதுவிச்சிருக்கக்கூடாதா?"

அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. விளங்காத பிள்ளைக்கு விளங்கச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆரிட்டச் சொல்லி எழுதுவிக்கிற அப்பா? எழுதத் தெரிஞ்ச எல்லாரும் தோணி உள்ள வீட்டாக்கள்தானே?"

பிறகு மறுபடியும் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

ஊரிலுள்ள பிள்ளைகளே, நான் எழுதிய இதை இவ்வளவு தூரம் வாசிக்க உங்களால் முடிகிறது. அப்படியானால் உங்கள் வீட்டில் தோணி இருக்கிறது, அல்லது யாரோ உங்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். உங்களில் கோபம் இல்லை. பெரியவர்களோடு சண்டை பிடிக்கவும் நான் சொல்லவில்லை, அது என்னைப் போன்றவர்கள் செய்யவேண்டியது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளைக் காலையில் கரையிலே நிற்கிற பிள்ளையைக் கண்டால், கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு அவளிடம் போங்கள். யாருக்கு எழுதவேண்டும் என்று கேளுங்கள். அவள் சொல்வதை, அவள் சொன்னபடியே எழுதுங்கள். வடிவாக்க வேண்டாம்.